பறிபோன ஆட்டத்தைப் பையன்கள் மீட்ட கதை: ஒன்டாரியோ ஜூனியர் லக்ராஸ்

டொரோண்டோவுக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் ஓஷாவா ஒரு கார் தொழிற்சாலை ஊர். 1963-ல் அங்கே ஜிம் பிஷப் என்ற பயிற்சியாளர் கிரீன் கேல்ஸ் என்று ஒரு ஜூனியர் லக்ராஸ் அணியைத் தொடங்கினார். முதல் வருஷமே கனடாவின் ஜூனியர் சாம்பியனுக்குரிய மின்டோ கோப்பையை அடித்தார்கள். அடுத்த வருஷமும் அடித்தார்கள். அப்படியே 1969 வரை ஏழு வருஷம் அந்தக் கோப்பை வேறு ஊருக்குப் போகவே இல்லை.

ஜூனியர் என்றால் 21 வயது வரைதான். ஒவ்வொரு கோடை முடியும்போதும் அணியில் நாலைந்து நல்ல ஆட்டக்காரர்கள் வயது முடிந்து கிளம்பிவிடுவார்கள், அந்த இடத்துக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் வருவார்கள். அப்படி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் அணி ஏழு வருஷம் தொடர்ந்து ஜெயிப்பது எந்த விளையாட்டிலும் லேசில் நடக்காது. அதனால் ஒன்டாரியோ மாகாணத்தின் உச்ச ஜூனியர் பிரிவான ஜூனியர் ஏ லீக்கின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கிரீன் கேல்ஸில்தான் வந்து நிற்பார்கள். நானும் நிற்கிறேன், ஆனால் வேறு ஒரு காரணத்துக்காக. அந்த அணியின் ஆகப் பெரிய நட்சத்திரம் ஓஷாவாக்காரன் இல்லை. பழங்குடி மக்களின் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து வந்த பையன். இந்த ஆட்டத்தை உண்டாக்கியதே அவனுடைய முன்னோர்கள்தான். அவர்களைத்தான் சாம்பியன்ஷிப் பக்கமே வரக்கூடாது என்று ஒரு காலத்தில் தள்ளிவைத்திருந்தார்கள். இந்த லீக்கின் வரலாறு என்று எனக்குப் படுவது அந்தத் தள்ளிவைத்தலும் அவர்கள் திரும்பி வந்ததும்தான்.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம், நம்மில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நுனியில் வலை பின்னிய மட்டையால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடுவதுதான் லக்ராஸ். அதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று திறந்த மைதானத்தில், பக்கத்துக்குப் பத்து பேர் ஆடுவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடுவது இதுதான். இன்னொன்று 'பாக்ஸ்'. ஐஸ் ஹாக்கி அரங்கத்தில், கோடையில் ஐஸை உருக்கிவிட்டு, அடியில் இருக்கும் சிமெண்ட் தரையில், சுற்றிலும் அதே பலகைச் சுவருக்குள் ஆடுவது. பக்கத்துக்கு ஐந்து பேர், கூட ஒரு கோல்கீப்பர். ஒன்டாரியோ ஜூனியர் லீக் முழுக்க இந்த பாக்ஸ் ஆட்டம்தான்.

ஜூலை மாதத்தில் அப்படி ஓர் அரங்கத்துக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அறைவது புழுக்கம். பந்து கெட்டியான ரப்பர். கோல் கம்பத்தில் பட்டால் அரங்கம் முழுக்க 'டங்' என்று கேட்கும். பந்து கைக்கு வந்தால் முப்பது விநாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கோல் சின்னது, கோல்கீப்பரோ தோளிலிருந்து கணுக்கால் வரை திண்டு கட்டிக்கொண்டு அதை அடைத்துக்கொண்டு நிற்பார், ஆகவே அடிக்கிறவனுக்கு மிஞ்சுவது மூலையில் இருக்கும் கொஞ்சம் இடைவெளிதான். இதற்கிடையில் காவல் ஆட்டக்காரன் தன் மட்டையை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து உன் கையிலும் விலாவிலும் இடித்துக்கொண்டே இருப்பான். அது விதிமீறல் இல்லை, ஆட்டமே அதுதான். பந்து கை மாறிய அடுத்த நொடி, தாக்குகிறவர்கள் பெஞ்சின் ஒரு கதவுக்குள் ஓட, காவலுக்கு நிற்பவர்கள் இன்னொரு கதவிலிருந்து பாய்ந்து வருவார்கள். பழகாத கண்ணுக்குக் கலவரம் மாதிரி இருக்கும். நாலு ஆட்டம் பார்த்தபிறகு, யார் எந்தக் கதவை நோக்கி ஓடுகிறான் என்பதை வைத்தே அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம்.

சரி, இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்ற ஆறு இனங்களும் சேர்ந்த கூட்டமைப்புக்கு ஹோடெனோஷோனி என்று பெயர். வெள்ளைக்காரர்கள் இரோகுவாய் என்றார்கள். அவர்களுக்கு லக்ராஸ் படைத்தவன் கொடுத்த ஆட்டம். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் குணமாக வேண்டி ஆடுவார்கள். பிறந்த ஆண் குழந்தையின் பக்கத்தில் ஒரு சின்ன மட்டையை வைப்பதும், இறந்தவரோடு அவருடைய மட்டையைச் சேர்த்துப் புதைப்பதும் இன்றும் அவர்கள் பெருமையோடு சொல்லும் வழக்கங்கள்.

மோன்ட்ரியாலில் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். பக்கத்தில் கானவாக்கே மோஹாக்குகள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர். கனடா ஒரு நாடாக உருவான அதே 1867-ல் இந்த ஆட்டத்துக்கு எழுத்தில் விதிமுறைகள் வகுத்தார்: பக்கத்துக்கு 12 பேர், ரப்பர் பந்து, இவ்வளவு பெரிய மைதானம் என்று. அதே வருஷம் தேசிய சங்கமும் வந்தது. 1876-லும் 1883-லும் அவர் அணிகளைப் பிரிட்டனுக்குக் கூட்டிப் போனபோது கானவாக்கே ஆட்டக்காரர்களையும் அழைத்துப் போனார். 1876-ல் விக்டோரியா மகாராணி முன்னாலேயே ஆடினார்கள். காட்சிக்கு அவர்கள் வேண்டியிருந்தார்கள். ஆனால் 1880-ல் சங்கம் தன்னை 'அமெச்சூர்' சங்கம் என்று அறிவித்துக்கொண்டு, பழங்குடி அணிகள் சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாது என்று ஒதுக்கிவிட்டது. அவர்கள் ஆடுவதற்குக் காசு வாங்குகிறார்கள், ஆகவே தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பது சொன்ன காரணம். காசு வாங்காமல் எப்படி வருவார்கள்? ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கிற ஏழைக்கு ரயில் டிக்கெட் யார் எடுத்துத் தருவது? மோன்ட்ரியால் வக்கீலும் டாக்டரும் பொழுதுபோக்காக ஆடலாம், அவர்களுக்குக் கைக்காசு இருந்தது. காரணம் நியாயமாகத் தெரிகிற மாதிரி ஒரு விதியை எழுதி, அதை வைத்து வேண்டாதவர்களை வெளியே நிறுத்தும் வேலை இது. படிக்கும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மின்டோ கோப்பை வந்தது 1901-ல். அன்றைய கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு கொடுத்தது. முதலில் அது பெரியவர்களின் கோப்பை, ஜூனியர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில வருஷங்களில் அணிகள் சம்பளம் கொடுத்து ஆள் பிடிக்க ஆரம்பிக்க, அது தொழில்முறைக் கோப்பையாக மாறியது; 1908-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் அணி அதை மேற்கே கொண்டுபோனது. அமெச்சூர்களுக்கென்று 1910-ல் தனியாக மான் கோப்பை வந்தது. அப்புறம் முதல் உலகப்போர், பேஸ்பால், ஆளுக்கொரு கார் என்று காலம் மாற, மைதான லக்ராஸுக்குக் கூட்டம் குறைந்து, தொழில்முறை ஆட்டம் படுத்துவிட்டது. மின்டோ கோப்பைக்கு வேலை இல்லாமல் போனது.

ஆட்டத்தை மறுபடி எழுப்பியது ஒரு வியாபார யோசனை. மோன்ட்ரியால் கனடியன்ஸ் ஹாக்கி அணியின் முதலாளிகள் லியோ டாண்டுராண்டும் ஜோசஃப் கட்டாரினிச்சும் தங்கள் அரங்கம் கோடை முழுக்கச் சும்மா கிடப்பதைப் பார்த்தார்கள். 1931-ல் லக்ராஸை உள்ளே கொண்டுவந்து, ஆட்களைக் குறைத்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் டிக்கெட் போட்டு ஆட வைத்தார்கள். அவர்களுடைய தொழில்முறை லீக் இரண்டு வருஷம்கூட ஒழுங்காக ஓடவில்லை. ஆனால் ஆட்டம் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் கனடா முழுக்க மைதானத்தை விட்டுவிட்டு பாக்ஸுக்கு மாறியது. பெரிய புல்வெளியும் பன்னிரண்டு பேரும் தேவைப்பட்ட ஆட்டம், ஒரு சிமெண்ட் தரையும் ஒரு டஜன் பையன்களும் இருந்தால் எந்தச் சின்ன ஊரிலும் நடத்தலாம் என்று ஆனது. ஹாக்கி ஆடும் பையன்கள் கோடையில் அதே அரங்கத்துக்குள் வேறு மட்டையோடு வந்தார்கள்.

ஜூனியர் லக்ராஸ் தலையெடுத்தது இந்தச் சூழலில்தான். 1937-ல் சும்மா கிடந்த மின்டோ கோப்பையை எடுத்து ஜூனியர் சாம்பியனுக்கென்று ஒதுக்கினார்கள். முதல் ஜூனியர் கோப்பை ஒன்டாரியோவின் ஒரில்லியாவுக்குப் போனது. அதன்பிறகு ஒன்டாரியோ சாம்பியனும் பிரிட்டிஷ் கொலம்பியா சாம்பியனும் மோதுவது வழக்கமானது. ஆல்பர்ட்டா அணிகளெல்லாம் ரொம்பப் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

ஒன்டாரியோ பக்கத்தில் பெயர்களைக் கவனித்தால் லீக் எதில் பிழைத்தது என்று புரியும். செயின்ட் கேத்தரின்ஸ், மிமிக்கோ, பிராம்ப்டன், பீட்டர்பரோ, விட்பி, ஆரஞ்ச்வில். பெரும்பாலும் டொரோண்டோவுக்கு ஓரத்து ஊர்கள், ஆலை ஊர்கள். உள்ளூர்க் கடைக்காரரோ கம்பெனியோ சீருடைக்கும் பஸ்ஸுக்கும் காசு கொடுக்கும், அணி அவர்கள் பெயரைச் சூட்டிக்கொள்ளும். 1957, 58, 59 என்று மூன்று வருஷம் மின்டோ ஜெயித்த பிராம்ப்டன் அணியின் பெயர் 'ஏபிசி'. ஆம்ஸ்ட்ராங் சகோதரர்கள் என்ற உள்ளூர்க் கட்டுமானக் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மேலே சொன்ன ஊர்களில் பிராம்ப்டனும் விட்பியும் இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடங்கள். பக்கத்துத் தெருவிலேயே நடக்கும் இந்த ஆட்டத்தை நம்மவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது கிரீன் கேல்ஸுக்கு வரலாம். பிஷப் செய்ததைக் கேட்டால் இன்று சாதாரணமாகத் தோன்றும். உடற்பயிற்சியில் கறார், ஒழுக்கத்தில் கறார், பந்து கிடைத்த நொடியில் எதிரணி கதவு மாறி முடிப்பதற்குள் ஓடிவிடும் வேகம். மற்ற அணிகள் கோடை வந்தபிறகு ஆளைச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஜூனியர் பையன்களைத் தொழில்முறை அணி மாதிரி தயார்செய்தார்.

அவரிடம் 1964-ல் வந்து சேர்ந்தவர்தான் கேலார்ட் பௌலெஸ். சிக்ஸ் நேஷன்ஸ் ஒதுக்கீட்டு நிலம் கிராண்ட் நதிக்கரையில், பிராண்ட்ஃபோர்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று நிலத்தை இழந்த ஹோடெனோஷோனிகளுக்கு 1784-ல் கொடுத்த நிலத்தில் மிச்சம் அது. கேலார்டின் அப்பா ராஸ் பௌலெஸ் பீட்டர்பரோ சீனியர் அணியில் ஆடி, 1951 முதல் 1954 வரை நான்கு மான் கோப்பைகள் ஜெயித்தவர். பையனுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தார். எதிரணிக்காரன் வேண்டுமென்றே அடிப்பான், கூட்டத்திலிருந்து இனத்தைச் சொல்லித் திட்டுவார்கள், நீ திருப்பி அடிக்காதே, அவன் தண்டனையாக ஆட்டத்துக்கு வெளியே பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது கோல் போடு என்று. கேலார்ட் அதை அப்படியே செய்தார். நாலு வருஷம் கேல்ஸுக்கு ஆடினார், நாலு வருஷமும் மின்டோ கோப்பை, அதில் 1964-லும் 1967-லும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. இன்று சிக்ஸ் நேஷன்ஸின் ஓஸ்வீகன் கிராமத்து அரங்கத்துக்கு அவர் பெயர்தான்.

அந்த வருஷங்களில் எந்த ஊர்ப் பையன் ஆடினாலும் கையில் இருந்தது பெரும்பாலும் மோஹாக்குகள் செய்த மட்டை. ஹிக்கரி மரத்தை நீளவாக்கில் பிளந்து, ஆவியில் வேகவைத்து, நுனியை வளைத்துக் கட்டி, மாதக்கணக்கில் காயவைத்து, அப்புறம் செதுக்கி, தோல் வாரும் நரம்பும் கோத்து வலை பின்னுவார்கள். ஒன்டாரியோவில் மோஹாக்குகள் வாழும் கார்ன்வால் தீவில் இருந்த சிஸ்ஹோம் தொழிற்சாலைதான் உலகத்து மர மட்டைகளில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருந்தது. 1968-ல் அது தீப்பிடித்து எரிந்தது. இரண்டு வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் தலை வைத்த மட்டை சந்தைக்கு வந்தது. தொழிற்சாலையை மறுபடி கட்டினார்கள், ஆனால் போன சந்தை திரும்பவில்லை. பிளாஸ்டிக் மட்டை விலை குறைவு, எல்லாம் ஒரே அளவு, அதனால் ஆட்டம் பரவியது என்பதை நான் மறுக்கவில்லை. அதே நேரம், ஒரு சமூகம் தன் ஆட்டத்திலிருந்து சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரே பெரிய தொழிலும் அத்தோடு கையைவிட்டுப் போனது.

கேல்ஸுக்குப் பிறகு 1972 முதல் 1975 வரை பீட்டர்பரோ தொடர்ந்து நான்கு கோப்பைகள் அடித்தது. 80-களில் விட்பி வாரியர்ஸ் வந்தது. 1984-ல் விட்பி மின்டோ ஜெயித்தபோது சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஜோ நியூவென்டைக் ஐந்து வருஷம் கழித்து கால்கரி ஹாக்கி அணியோடு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். இப்படி ஹாக்கிக்குப் போனவர்கள் நிறைய. ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது 1992.

அந்த வருஷம் மின்டோ கோப்பையை ஜெயித்தது சிக்ஸ் நேஷன்ஸ் ஆரோஸ். கேலார்ட் ஜெயித்ததெல்லாம் இன்னொரு ஊரின் பச்சைச் சட்டையில். ஆரோஸ் ஜெயித்தது சொந்த மண்ணின் பெயரில், சொந்தப் பையன்களை வைத்து. 1880 விதிக்குப் பிறகு 112 வருஷம் ஆகியிருந்தது. இது எப்படி முடிந்தது என்று யோசித்தால் விடை பாக்ஸ் ஆட்டத்திலேயே இருக்கிறது. இடம் சின்னது, செலவு குறைவு, ஊருக்குள்ளேயே அரங்கம், எதிரணி ஊர்களெல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். ரயில் டிக்கெட் பிரச்சினையில் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்த லீக்கில் ஆட அது தேவைப்படவில்லை. அப்பா, மாமா, அண்ணன் என்று வீட்டுக்கு வீடு ஆடியவர்கள் இருந்தார்கள், ஆகவே பயிற்சியாளருக்குப் பஞ்சமே வரவில்லை. 2004-ல் லக்ராஸுக்கென்றே ஓர் அரங்கமும் அங்கே வந்தது. 2007-ல் மறுபடி மின்டோ, 2014-லும் 2015-லும் மறுபடி. 2014 கோடையில் ஜூனியர்கள் மின்டோவையும், சீனியர் அணியான சிக்ஸ் நேஷன்ஸ் சீஃப்ஸ் மான் கோப்பையையும் ஒரே வருஷத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவின் இரண்டு பெரிய கோப்பைகளும் ஒரே ஒதுக்கீட்டு நிலத்தில்.

2007 ஆரோஸ் அணியில் கோடி ஜேமிசன் என்று ஒருவர் இருந்தார். அவர் அப்புறம் அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2009 தேசியக் கல்லூரி இறுதியாட்டம், கார்னெல் எதிரணி. ஆட்டம் முடிய நாலு விநாடி இருக்கும்போது சிரக்யூஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கார்னெல் ஆட்டக்காரனிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்தவர் சிட் ஸ்மித், அவரும் சிக்ஸ் நேஷன்ஸ்காரர். அந்தப் பந்து கைக்கு வந்ததும் ஜேமிசன் அடித்தார், 10-9. திறந்த மைதானத்தின் ஆகப் பெரிய ஆட்டத்தை முடித்துவைத்தது ஒன்டாரியோ சிமெண்ட் தரையில் வளர்ந்த இரண்டு பேர்.

இதைப் பார்த்தபிறகு அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? அதற்கு முன்னாலேயே, 80-களின் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து போன கெய்ட் சகோதரர்கள் சிரக்யூஸில் செய்த மாயத்திலிருந்தே அவர்கள் கனடாவைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நெருக்கத்தில் பந்தைப் பிடித்து ஒரு சின்ன இடைவெளியில் செருகும் கை பாக்ஸில் வளர்ந்த பையனுக்குத்தான் வரும். இதில் லீக்குக்கு நன்மையும் உண்டு, தலைவலியும் உண்டு. உதவித்தொகையோடு படிக்கலாம் என்பதால் ஊர்ப் பையன்கள் ஆர்வமாக லக்ராஸுக்கு வருகிறார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி சீசன் மே மாதக் கடைசிவரை இழுக்கும், இங்கே ஜூனியர் சீசன் அதற்கு முன்பே தொடங்கிவிடும். வசந்தத்தில் பதினேழு வயதுப் பையன்களை வைத்து ஓட்டிய அணி, ஜூனில் கல்லூரிக்காரர்கள் வந்திறங்கியதும் வேறு அணியாகிவிடும். யாருடைய இடம் போகும் என்பது பயிற்சியாளருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. அந்தப் பதினேழு வயதுக்காரன் பக்கம்தான் என் மனசு சாயும், ஏனென்றால் அடுத்த வருஷ அணி அவன்தான். கோவிட் காலத்தில் 2020-லும் 2021-லும் மின்டோ கோப்பை நடக்கவே இல்லை. ஜூனியர் வயதில் இரண்டு கோடை என்பது ஒரு பையனின் ஆட்ட வாழ்க்கையில் கணிசமான பங்கு, அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது ஒலிம்பிக். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டைச் சேர்த்த அதே கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்கு லக்ராஸையும் சேர்த்தது. பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் வடிவம். வேகமும் நெருக்கமும் கலந்தது என்பதால் பாக்ஸ் பையன்களுக்குக் கைவந்ததாக இருக்கும். ஹோடெனோஷோனி அணி உலகப் போட்டிகளில் பல வருஷமாகத் தனிக் கொடியோடு ஆடுகிறது. 2010-ல் அவர்களுடைய சொந்தப் பாஸ்போர்ட்டை ஏற்க முடியாது என்று பிரிட்டன் சொன்னபோது, வேறு பாஸ்போர்ட்டில் போவதைவிடப் போகாமலே இருக்கிறோம் என்று மான்செஸ்டர் உலகக் கோப்பையையே விட்டவர்கள். அதற்குப் பிறகு 2014, 2018, 2023 மைதான உலகக் கோப்பைகளில் மூன்று முறை வெண்கலம். ஆனால் ஒலிம்பிக்கில் ஆட ஒரு நாட்டுக்குத் தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருக்க வேண்டும். ஹோடெனோஷோனிக்கு அது இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த பைடனே 2023 டிசம்பரில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். வேண்டுமானால் கனடா அணியிலோ அமெரிக்க அணியிலோ ஆடலாம் என்பதுதான் கமிட்டியின் பதில். அதாவது ஆரோஸ் சட்டையில் மின்டோ ஜெயிக்கும் பையன், உலகக் கோப்பையில் தன் மக்களின் கொடிக்குக் கீழே ஆடலாம், லாஸ் ஏஞ்சலிஸுக்கு மட்டும் வேறு யாருடைய சட்டையாவது போட்டுக்கொண்டு போக வேண்டும். கேலார்ட் 1964-ல் ஓஷாவாவுக்குப் போனபோது அவருக்கு வேறு வழி இல்லை. இந்தப் பையனுக்கு வழி இருக்கிறது. விதியை மாற்றக்கூடியவர்கள் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.